ஆளோடு விற்ற நாற்காலி

சத்தியம், சத்தியம், மூன்றாம் தடவையும் சத்தியம். உரக்கவே சொல்லுகிறேன், தெருமுனை வரைக்கும் கேட்கட்டும்: இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், மிச்சமிருக்கிற என் ஏழு பல்லும் இந்தப் பேச்சு முடிவதற்குள் உதிர்ந்து என் மடியில் விழட்டும். மேலச்செங்குளத்தில் நான் சொல்லாத கதை கிடையாது, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு புளுகு என்று ஊரே சொல்லும், நானும் மறுத்ததில்லை. இது அந்த மிச்சப் பத்தில் உள்ளது.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மைதீன்பிச்சையின் பழைய சாமான் கடை இருக்கிறது. ஒரு காலத்தில் அது நெல் மில்; மெஷினைக் கழற்றி விற்றபின் மிஞ்சிய நீளமான தகரக்கொட்டகை. உள்ளே போனால் இடித்த வீடுகளின் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும், கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன பொட்டு இன்னும் போகாத பீரோக்கள் நிற்கும், மாவு காய்ந்து ஒட்டிய கிரைண்டர்களும், மிதிகட்டை தேய்ந்த தையல் மெஷின்களும், ஒரு காலுக்குச் செங்கல் கொடுத்த மேசைகளும் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பழைய மரமும் துருவும் பழந்துணியும் கலந்த ஒரு வாசனை, முதல் நாள் தும்மலாகவும் பத்தாம் நாள் பசியாகவும் தோன்றுகிற வாசனை.

அந்த வாசனைக்குப் பசித்தவர்களில் முதல் ஆள் ஆவுடையம்மாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல்காரி. புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ப் பதினோரு வருஷம். ஒரே மகள் செண்பகம். ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் ஆவுடை கடைக்கு வருவது தவறாது. கோயிலில் கும்பிட்டுவிட்டு வரத்தான் முடியும், இங்கே தொட்டுப் பார்க்கலாமே என்பாள். மரச்சாமானை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, பூச்சி அரித்ததா என்று சொல்லிவிடுவாள். மேசை இழுப்பறையை முழுக்க உருவி அடியில் மூக்கை வைப்பாள். ஒரு ஹேர்பின் கிடைக்கும், பஸ் டிக்கெட் கிடைக்கும், ஒரு தடவை ஒரு குழந்தையின் பால்பல் கிடைத்தது. அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு, “வீட்டுக்காரிக்குத் தெரியாமப் பிள்ள ஒளிச்சி வச்சிருக்கு,” என்று அரைநாள் சிரித்தாள்.

அவள் வீட்டில் புதிதாக வாங்கிய சாமான் என்று ஒரு கரண்டி கிடையாது. பாத்திரங்களிலெல்லாம் முன்னே வைத்திருந்தவர்களின் பேர் வெட்டியிருக்கும், கல்யாணத்துக்கு வந்தது, காதுகுத்துக்கு வந்தது, செத்தவர் நினைவாகக் கொடுத்தது. அம்மாவும் மகளும் பாத்திரத்தை அந்தப் பேர் சொல்லியே கூப்பிடுவார்கள். “ஏட்டி, ராஜாமணில பால் காய்ச்சு. தங்கபுஷ்பத்துல புளி கரைச்சிருக்கேன், கொட்டிராத.” புதுச்சாமான் வாங்கத் துட்டு இருந்தால் போதும், பழசு வாங்கக் கண் வேணும் என்று அவள் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், வாழ்க்கையில் வேறு எதற்கும் அந்த முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை.

இப்படி இருக்கையில், ஒரு சித்திரை மாதம் மைதீன்பிச்சை வடக்கூரில் பாகப்பிரிவினையில் இடிக்கப்போகிற ஒரு பெரிய வீட்டுச் சாமான்களை மொத்தமாகப் பேசி லாரியில் ஏற்றி வந்தார். அதில் ஒரு சாய்வுநாற்காலி, தேக்கு, பிரம்புப் பின்னல். அதில் ஒரு செத்த மனுஷர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும், நரைத்த மீசை, சலவை வேட்டி, இரண்டு கையும் நாற்காலியின் கைமேல். வீட்டு வாரிசுகள் நான்கு பேரும் தலையைத் திருப்பிக்கொண்டு, இருக்கிறது இருக்கிறபடி எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். பேரைக்கூடச் சொல்லவில்லை.

கம்பவுண்டரைக் கூட்டிவந்து காட்டினோம். நாடி பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், “செத்தது வாஸ்தவம். ஆனா இன்னும் போகல,” என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த ஒரு டார்ச் லைட்டை விலை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஸ்டேஷனில் சொன்னதற்கு ஏட்டையா, “காணாமப் போனா கேஸு எழுதலாம். இருக்கிற ஆளுக்கு என்னன்னுவே எழுத?” என்றார். எடுத்து அடக்கம் பண்ணலாமென்றால் நாற்காலியை விட்டு அவர் வரவில்லை; எட்டுப் பேர் இழுத்தும் நாற்காலிதான் கூடவே வந்தது. உடம்பு கெடவுமில்லை. கிட்டே போனால் மூக்குப்பொடியும் பழைய ரசீதுக் கட்டும் கலந்த மாதிரி ஒரு வாசம், அவ்வளவுதான்.

பிறகென்ன, ஊர் பழகிக்கொண்டது. வருகிறவர்கள் குடையை அவர் முழங்கையில் மாட்டினார்கள். பெண்கள் விலை பேசி முடிக்கிறவரை கைப்பிள்ளையை அவர் மடியில் உட்காரவைத்தார்கள், அழுகிற பிள்ளையும் அங்கே அடங்கியது. டீக்கடைக்காரர் அவருக்கும் ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைப்பார், ஆறினபிறகு அதை யார் குடிப்பது என்பதில் எனக்கும் தரகர் சுடலைக்கும் தினமும் தகராறு. சலூன்காரன் வாங்கிப் போனான், கடையில் எப்போதும் ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்குமே என்று. வந்தவர்களெல்லாம் அவர் முடித்தபிறகு வருகிறோம் என்று எழுந்துபோனதால் நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். ஒரு கட்சிக்காரர்கள் கூட்டத்துக்கு வாடகைக்குக் கொண்டுபோனார்கள். கடைசிவரை எழுந்து போகாதவர் அவர் ஒருத்தர்தான் என்று மேடையிலிருந்தே பாராட்டினார்கள்.

அந்த ஆவணியில் செண்பகத்துக்கு வரன் வந்தது. தெற்கூர்ப் பையன் கணபதி, மின்சார வேலை, பெண்ணைப் பஸ்ஸிலேயே பார்த்துப் பிடித்துப்போய் வீட்டில் சொன்னவன். நல்ல பையன். செண்பகத்துக்கும் அவன் மேல் ஆசை. வீட்டில் சொல் செல்லுபடியாவது அவனுடைய தாய்மாமன் உலகநாதனுக்கு. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பெண் வீட்டுப் பக்கம் முன்னே நின்று தட்டு மாற்ற ஒரு ஆம்பளை வேணும், தாலியறுத்தவள் கையால் தட்டு வாங்குகிற வழக்கம் எங்களில் கிடையாது.

முறைப்படி நிற்க வேண்டியவன் ஆவுடையின் கொழுந்தன் நயினார். அவனிடம் போய்க் கேட்டாள். வாசலிலேயே வைத்துச் சொன்னான்: “நிக்கேன் மதினி. நிக்காம என்ன? வீட்ட எம்பேருக்கு எழுதி வச்சிட்டு வாங்க, மணவடையில தலகீழாக்கூட நிக்கேன்.”

ஆவுடை அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். அன்றைக்கு எதையும் தட்டிப் பார்க்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை.

“பாய், அந்தச் சாய்வுநாற்காலி.”

“யக்கா, அது ஆளோடதான் வரும்.”

“ஆளுக்காகத்தான் கேக்கேன். நாற்காலி எங்க வீட்ல கெடக்கு.”

மைதீன்பிச்சை அவளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். “யக்கா, எதுக்குன்னு சொல்லிட்டா எனக்கு மனசுக்கு நல்லாருக்கும்.”

“எம்மவளுக்குத் தட்டு மாத்த ஆம்பள வேணுமாம். உசுரோட இருக்கணும்னு அவங்க கேக்கல.”

தள்ளுவண்டியில் ஏற்றி, முகத்தில் வெயில் படாமல் ஒரு துண்டைப் போட்டு, பட்டப்பகலில் தெருவழியே தள்ளிக்கொண்டு போனோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். எதிரே வந்தவர்கள் செருப்பைக் கழற்றி ஒதுங்கினார்கள். யாருக்காக என்று அவர்களுக்கும் தெரியாது.

நிச்சயத்துக்கு உலகநாதன் பத்துப் பேரோடு வந்தார். பாயில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்தார். “இது யாரு?”

ஆவுடை கதவுக்குப் பின்னால் நின்றபடி உள்ளதைச் சொன்னாள். “பழைய சாமான் கடையில வாங்கினேன் அண்ணாச்சி. உசுரு இல்ல. எங்க பக்கம் முன்ன நிக்க வேற ஆளும் இல்ல.”

ஒருவர் எழுந்துபோய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினார். பத்துப் பேரும் தலையைக் குனிந்து குசுகுசுவென்று பேசினார்கள். செண்பகம் அடுக்களையில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசியில் உலகநாதன் நிமிர்ந்தார்.

“உசுரு இருக்கு, இல்ல, அது பெரிசில்ல. எங்க பெரியப்பா பத்து வருஷமா இப்படித்தான் இருந்தாரு, எல்லா விசேஷத்துக்கும் அவருதான் முன்ன. அது கெடக்கட்டும்.” குரலைத் தாழ்த்தினார். “என்ன ஆளுக?”

ஆவுடைக்குத் தெரியாது. மைதீன்பிச்சைக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தர் வாய் திறக்க மாட்டார். பத்துப் பேரில் இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரம், தாம்பாளத்திலிருந்த வெற்றிலைமேல் ஓங்கி அடித்து ஒரு கிழவன் சொன்னான்: “நம்ம ஆளுகதான்! பேரு கயிலாசம். வடக்கூர் கயிலாசம். அவரு அப்பாவ எனக்குத் தெரியும், தாத்தாவத் தெரியும். பொய்யின்னா என் நாக்கு அழுகட்டும்.” அந்தக் கிழவன் நான்தான். அந்த மனுஷரின் தாத்தாவை அல்ல, அவரையே எனக்கு லாரியிலிருந்து இறக்கின நாளிலிருந்துதான் தெரியும்.

“அப்பச் சரி,” என்றார் உலகநாதன். தட்டை எடுத்துச் செத்தவரின் இரண்டு கையிலும் வைத்தார். விரல்கள் மெல்ல மடங்கித் தட்டைப் பிடித்துக்கொண்டன. அவர் எதையாவது தானாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை, எல்லாருக்கும் சந்தோஷம்.

அதற்குப் பிறகு ஆவுடையின் வீடு அவர் வீடாகிவிட்டது. பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும் கயிலாசம்’ என்று பெரிய எழுத்தில் அச்சானது; ஆவுடையின் பேருக்கு இடம் போதவில்லை என்று அச்சகத்தில் சொன்னார்கள். தெருவில் உள்ள தாலியறுத்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, எம்மவனுக்குப் பொண்ணு பாக்கப் போகணும், ஒரு நாளைக்கு அவரைத் தாருங்க மைனி என்று கேட்டார்கள், ஆவுடையும் கொடுத்தாள். அந்த ஆவணியில் ஆறு வீட்டுக்கு அவர் தகப்பன் ஸ்தானம். வந்தவர்களெல்லாம் அவர் காலைத் தொட்டார்கள். ஆம்பளை இருக்கிற வீடு என்று ஆகிவிட்டதால், ஆவுடை சத்தமாகப் பேசினால் “அவரு இருக்காருல்லா, மெதுவா,” என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல ஆரம்பித்தாள். ஆவுடை ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வருவதும் நின்றது, வருகிறவர்களுக்குக் காப்பி போட ஆள் வேணுமே. ஒருநாள் வழியில் பார்த்துக் கேட்டேன், என்ன தாயி கடைப்பக்கமே காணோம் என்று.

“என்னத்தச் சொல்ல சித்தப்பா,” என்றாள், “ஒரு சாமான்தான் வாங்கினேன். வீட்ல இருக்க நான்தான் இப்பப் பழைய சாமான்.” அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

கல்யாணம் காலை ஏழரை ஒன்பது முகூர்த்தம். நாற்காலியோடு அவரை மணவடைக்கு ஏற்றிப் பட்டுத்துண்டு போட்டு மாலை போட்டார்கள். ஆவுடையைச் சமையல்கட்டில் தேங்காய் துருவ உட்காரவைத்திருந்தார்கள். அவள் எழுந்துவந்து பந்தல்கால் மறைவில் நின்று, “தார வாக்கயில செம்ப மட்டும் நான் பிடிச்சிக்கிடட்டுமா? ஓரமா நின்னு?” என்று கேட்டாள்.

“நீங்க பின்னாடி இருங்க. அதான் அவரு இருக்காருல்லா, எல்லாம் பாத்துக்கிடுவாரு,” என்றார் உலகநாதன், கோபமே இல்லாமல், நல்ல குரலில்.

செண்பகத்தின் கையை எடுத்துச் செத்தவர் கையில் வைத்தார்கள். யாரோ ஒரு அத்தை செம்பைச் சரித்தாள். தண்ணீர் அவர் கையிலும் இவள் கையிலும் விழுந்து வழிந்தது. இனி அவர் கையிலிருந்து எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். எடுத்தார்கள். வரவில்லை. விரல்கள் மடங்கிவிட்டன, தட்டைப் பிடித்த மாதிரியே. அந்தத் தட்டையே நிச்சயம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் எண்ணெய் விட்டு எடுத்திருந்தோம்.

முதலில் சிரித்தார்கள். பிறகு எண்ணெய் கொண்டுவந்தார்கள், பிறகு வெந்நீர், பிறகு இரண்டு வாலிபர்கள் விரலைப் பிரிக்கப் பார்த்தார்கள், பிரிக்கப் பிரிக்க அது இறுகியது. நாதஸ்வரக்காரர் ஊதின ராகத்தையே திரும்பத் திரும்ப ஊதினார். செண்பகத்தின் கை சிவந்து, பின் நீலம் பாரித்தது. ஒன்பதுக்குக் கால்மணி இருந்தது. “முகூர்த்தம் தப்பினா நாங்க எந்திரிச்சிருவோம்,” என்றார் ஒருவர். “மணிக்கட்டோட எடுத்தாத்தான் வரும்,” என்றார் இன்னொருவர், யாரோடது என்று சொல்லாமல். அப்போது செண்பகம், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், பந்தல் கிழிகிற மாதிரி கத்தினாள்.

“எம்மா!”

ஆவுடை தேங்காய்ப்பூ ஒட்டின கையோடு ஓடிவந்தாள். உலகநாதன் குறுக்கே கையை நீட்டினார்: “நீங்க ஏறப்பிடாது, பிள்ளைக்கு ஆகாது.” அவள் அந்தக் கையைக் குனிந்து கடந்து ஏறினாள். செத்தவருக்கு எதிரில் மண்டியிட்டு, அவர் விரலைத் தொடவில்லை. நாற்காலியின் கையை முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, கூட்டமான பஸ்ஸில் வயசாளியிடம் பேசுகிற மாதிரிச் சொன்னாள்.

“எவ்வளவு நேரந்தான் இப்படியே இருப்பிய. ஆளாளுக்கு உங்க கையில ஒண்ணக் குடுத்துட்டே இருக்காங்க. எந்திரிங்க. நான் இருந்துக்கிடுதேன்.”

அவரிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. குடையைக் கொடுத்தோம், பிள்ளையைக் கொடுத்தோம், தட்டைக் கொடுத்தோம், பெண்ணைக் கொடுத்தோம். எந்திரி, நான் இருக்கிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. செத்தவரின் விரல் விரிந்தது. முழங்காலில் கை ஊன்றி, நெடுநாள் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கிற மாதிரி முனகிக்கொண்டு எழுந்தார், வேட்டியை உதறிக் கட்டினார், மாலையைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டார், ஆட்களை விலக்கிக்கொண்டு பந்தலைவிட்டு வெளியே போய்விட்டார். ஒருத்தரும் பின்னால் போகவில்லை. முகூர்த்தம் முடிய ஆறு நிமிஷம்தான் இருந்தது.

ஆவுடை நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். முகம் ஒரு தடவை விரிந்தது, கடையில் பார்ப்பேனே, அந்த விரிவு. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது.

“எம்மா? எம்மோவ்?”

உலகநாதன் கிட்டே வந்து மூக்கில் விரல் வைத்தார். வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பி, “போயிட்டா,” என்றார்.

மறுபடியும் தலைகள் குனிந்து குசுகுசுத்தன. இந்த முறை அதிக நேரம் ஆகவில்லை. தீட்டு என்றார் ஒருவர். இவ்வளவு நாள் இருந்த ஆளுக்குத் தீட்டுப் பார்த்தோமா என்றார் இன்னொருவர். கடைசியில் உலகநாதன் கைகூப்பிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இனி அவ தாலியறுத்தவ இல்ல. செத்தவங்களுக்கு அந்தத் தோஷமெல்லாம் கிடையாது. தாயே குடுக்கட்டும். தண்ணிய ஊத்துங்க.”

ஊற்றினார்கள். செண்பகம் அழுத அழுகையைக் கெட்டிமேளம் மூடியது. தாலி ஏறினதும் ஆவுடையின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தாமே விரிந்து மகளை விட்டன. முதல் ஆளாக உலகநாதன் அவள் காலில் விழுந்து எழுந்தார். முந்தின நிமிஷம் வரை படி ஏறக்கூடாது என்று மறித்த அதே மனுஷர், ஐயா. வரிசையாக எல்லாரும் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். விழுந்தபிறகுதான், உயிரோடு இருந்தபோது அவளுக்காக நான் ஒரு பொய் சொன்னேனே தவிர, ‘அந்தத் தாயே கொடுத்தால் என்னவே’ என்று ஒரு உண்மையைச் சொல்லவில்லை என்பது உறைத்தது.

பத்தாம் நாள் நயினார் வந்து பூட்டைத் திறந்து, வீட்டை எடுத்துக்கொண்டு, சாமான்களை மொத்தமாகப் பேசி மைதீன்பிச்சையின் வண்டியில் ஏற்றிவிட்டான், அண்ணன் பொண்டாட்டியையும் நாற்காலியோடு. தெற்கூருக்குக் கொண்டுபோகிறேன் என்று செண்பகம் கெஞ்சினாள். மாமியார் வீட்டில், கும்பிடலாம், கூடத்தில் வைக்க முடியாது என்றார்கள். மைதீன்பிச்சை நாற்காலியைக் கடையின் நடுவில், எல்லாச் சாமானும் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துப் போட்டார். விலை கேட்டால் சொல்லமாட்டார். ஆவுடையின் முழங்கையில் யாரும் குடை மாட்டுவதில்லை. புதுச் சரக்கு வந்து இறங்கும் நாளில் மட்டும், நாற்காலியின் கையில் விரல்முட்டி தட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்கிறது. அன்றைக்கு வாங்கின மரம் உளுத்துப்போனதாக இருந்தால் மூன்று தடவை.

செண்பகம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். பழைய சாமான் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, எல்லாவற்றையும் தொட்டு, திறந்து, மூடி, ஒரு மணி நேரம் சுற்றி, கடைசியில் நாற்காலிப் பக்கத்துத் தரையில் உட்கார்ந்து அம்மா மடியில் தலைவைத்திருப்பாள். போகும்போது ஏதாவது ஒரு சின்னச் சாமான் வாங்கிப் போவாள், வீட்டில் காட்ட வேணுமே. இப்போது ஏழு மாதம் வயிற்றில்.

அதனால்தான் உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டில் அவள் கௌரவமாக இருப்பது, வடக்கூர் கயிலாசம் நம்ம ஆளுகதான் என்று நான் வெற்றிலைமேல் அடித்த அடியில்தான் நிற்கிறது. எழுந்து போன அந்த மனுஷர் எந்தப் பக்கம் போனார், யார் வீட்டு வாசலில் நின்று தன் பேரையும் ஆளையும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை. கதையை வேண்டுமானால் ஊர்ப்பேரை மாற்றி நாலு பேரிடம் சொல்லுங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, பாதி வழியில் இறங்கிவிட்டார் என்று சொல்லிவிடுங்கள் ஐயா.